செட்டிநாட்டு ஊர்களில் தெருவுக்குத் தெரு மாறும் பிரஷர், சுகர்: ஏற்றத்தாழ்வை அளந்து குறைக்க முழுமையான வழிகாட்டி

பொது சுகாதாரம் படித்துவிட்டு முதல் முறையாகக் களத்துக்கு வருகிறவர்களுக்கும், கிராமங்களில் வேலை செய்யும் தொண்டு அமைப்புகளுக்கும் இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, திருமயம், பொன்னமராவதி சுற்றுவட்டார ஊர்கள்தான் என் மனதில் இருப்பவை. ஒரே ஊர், ஒரே ஆரம்ப சுகாதார நிலையம், ஒரே மாத்திரை. ஆனாலும் ஒரு தெருவில் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, அடுத்த தெருவில் இல்லை. அந்த இடைவெளி எங்கே உண்டாகிறது என்று கண்டுபிடித்து அதைக் குறைப்பதுதான் வேலை.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் இடறுவது வேலையின் வரிசையில். வினாப்படிவத்தை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் ஊரைப் பார்க்கிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மேல்கையில் கட்டும், துல்லியம் சோதிக்கப்பட்ட டிஜிட்டல் பிரஷர் கருவி இரண்டு. மணிக்கட்டில் கட்டும் வகை வேண்டாம். கைப்பட்டை சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவிலும் வேண்டும். குளுக்கோமீட்டர், காலாவதி தேதி பார்த்து வாங்கிய ஸ்ட்ரிப், ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கில் லான்செட், பயன்படுத்திய ஊசியைப் போட மூடியுள்ள கெட்டியான டப்பா, அளவு நாடா. இவற்றோடு ஒரு மடக்கு நாற்காலியும், மடக்கு மேசையும். நாற்காலி எதற்கு என்று 7-ஆம் படியில் சொல்கிறேன். அதை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஸ்ட்ரிப் டப்பாவைச் சித்திரை, வைகாசி வெயிலில் வண்டிக்குள் விட்டுவைத்தால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. பையில் கூடவே எடுத்துப் போங்கள்.

## 1. எதை மாற்ற முடியும் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி எழுதும் முன் நான்கு பேரைப் பாருங்கள்: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர், துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர், ஊராட்சித் தலைவர். நால்வரிடமும் ஒரே கேள்வி: "உங்கள் கையில் இருப்பதில் எதை மாற்ற முடியும்?"

மருந்து கொடுக்கும் நாளை மாற்றலாமா, ஒரே தடவையில் கூடுதல் நாளுக்கு மாத்திரை தரலாமா, தன்னார்வலர் போகும் பாதையில் ஒரு குக்கிராமத்தைச் சேர்க்கலாமா. இப்படிப்பட்ட பதில்கள் வரும். அவற்றை எழுதி வைத்துக்கொண்டு அதற்கேற்ப அளந்தால்தான் முடிவு யாருக்காவது பயன்படும். யாராலும் மாற்ற முடியாத ஒன்றை மிகத் துல்லியமாக அளந்துவிட்டு, "அரசு கவனிக்க வேண்டும்" என்று முடியும் அறிக்கைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த ஊர் மக்கள் கொடுத்த நேரத்துக்கு அது ஈடாகாது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய திட்டம். பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது அதில் முக்கியமான வேலை. ஆகவே உங்கள் ஆய்வு அதற்குப் போட்டியாகத் தெரியக் கூடாது. தன்னார்வலர் பெரும்பாலும் அந்தப் பகுதிப் பெண்தான். "எங்கள் வேலையில் குறை கண்டுபிடிக்க வந்திருக்கிறார்கள்" என்று அவருக்குத் தோன்றிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது.

## 2. அனுமதிகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைப்படி, மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாலும், எடுக்காமல் வெறும் கேள்வி கேட்டாலும் இதுதான் விதி. குழு கூடும் தேதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் இதை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். மாவட்ட சுகாதார அலுவலருக்கும் கடிதம் கொடுங்கள். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஒரு மாவட்டத்துக் கடிதத்தை வைத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போகாதீர்கள்.

ஒப்புதல் படிவத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், உங்கள் குழுவைச் சேராத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். "வேண்டாம்" என்று சொன்னால் மாத்திரை நின்றுவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி எதுவும் ஆகாது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

## 3. ஊரை நடந்து பாருங்கள், வாசல்களை எண்ணுங்கள்

வாக்காளர் பட்டியலையோ ரேஷன் கார்டு பட்டியலையோ வாங்கி, அதிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுப்பது சுலபம். இந்தப் பகுதியில் அது சரிவராது. பெயர் இங்கே இருக்கும். ஆள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். புதுவயல் அரிசி ஆலைகளுக்கோ கட்டட வேலைக்கோ வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார். ஆகவே நீங்களே நடந்து, ஒரு தாளில் தெருத் தெருவாக வரைந்து, ஒவ்வொரு வாசலுக்கும் எண் போடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கூர்ந்து கவனியுங்கள். நகரத்தார் வீடு ஒரு தெருவில் முகப்பில் தொடங்கி, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு எல்லாம் கடந்து பின்தெருவில் முடியும். முகப்புக் கதவில் பெரிய பூட்டு தொங்கும். கணக்கெடுப்பவர் "பூட்டிய வீடு" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். பின்தெருவுக்குப் போனால் அதே வீட்டின் பின்வாசலில் துணி காயும், அடுப்பு எரியும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் பின்கட்டில் இருக்கும். வயதானவர், வெளியே அதிகம் போகாதவர், மாத்திரைக்கு யாரையாவது நம்பியிருப்பவர் என்று நீங்கள் தேடி வந்த ஆட்களே அங்கே இருக்கலாம். இதற்கு நேர் மாறான தவறும் நடக்கும்: ஒரே வீட்டை இரண்டு தெருவிலிருந்தும் இரண்டு வீடாக எண்ணிவிடுவார்கள். முன்வாசல், பின்வாசல் இரண்டையும் வரைபடத்தில் கோடு போட்டு இணைத்துவிட்டால் இரண்டுமே தீரும்.

அப்புறம், வருடம் முழுக்கப் பூட்டியிருக்கும் வீடும் இன்று மட்டும் பூட்டியிருக்கும் வீடும் ஒன்றல்ல. முன்னது ஆய்வில் சேராது. பின்னதற்குத் திரும்பப் போக வேண்டும். "பக்கத்து வீட்டில் எடுத்துக்கொள்ளலாம்" என்று மாற்றாதீர்கள். பகலில் வீட்டில் இருப்பவர் வேறு மாதிரி, வேலைக்குப் போகிறவர் வேறு மாதிரி. மாற்ற மாற்ற, கூலி வேலைக்காரர்கள் உங்கள் ஆய்விலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். மூன்று தடவை போங்கள். அதில் ஒன்று சாயங்காலமாகவும், ஒன்று ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்கட்டும்.

குக்கிராமங்களை விடாதீர்கள். தாய்க்கிராமத்தின் பெயரில் ஒரே ஊராகப் பதிவாகியிருக்கும். கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருபது, முப்பது வீடு தனியாகக் கிடக்கும்.

## 4. எப்போது, யாரோடு போவது

கோயில் திருவிழா, கல்யாண சீசனில் வெளியூர்க்காரர்கள் வந்து ஊர் நிறைந்திருக்கும். அப்போது எடுக்கும் அளவு அந்த ஊரைக் காட்டாது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அறுவடை நாளிலும் ஆள் கிடைக்காது. கடந்த 12 மாதத்தில் குறைந்தது 6 மாதம் இந்த ஊரில் தங்கியவர் என்று ஒரு வரையறை வைத்துக்கொள்ளுங்கள். ரமலான் மாதத்தில் முஸ்லிம் தெருக்களுக்கு அளவெடுக்கப் போகாதீர்கள். நோன்பு நாளில் சாப்பாட்டு நேரமும் மாத்திரை நேரமும் மாறியிருக்கும். அந்த அளவை மற்ற தெருக்களோடு ஒப்பிட முடியாது.

குழுவில் எல்லாத் தெருக்காரர்களும் இருக்க வேண்டும். ஒரே தெருவிலிருந்து நான்கு படித்த பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள் என்று அவர்களை மட்டும் சேர்த்தால், மற்றத் தெருக்களில் கதவு திறக்கும், வாய் திறக்காது. பெண்களிடம் பேசவும் கைப்பட்டை கட்டவும் பெண்கள்தான் போக வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் எந்தத் தெருவில் உட்கார்ந்து பேசுகிறீர்கள், எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்கள் என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். காலனிக்குப் போய் நின்றபடியே கேள்வி கேட்டுவிட்டு, பெரிய தெருவில் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தால், அடுத்த நாள் காலனியில் கிடைக்கும் பதில்கள் ஒற்றைச் சொல்லாக இருக்கும். எங்கே தண்ணீர் கொடுத்தாலும் வாங்கிக் குடியுங்கள். இதை நல்ல பழக்கம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, தரவின் தரமே இதில்தான் இருக்கிறது.

## 5. எத்தனை பேர் வேண்டும்

"100 பேர் போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது. இரண்டு தெருக் குழுக்களில், அதாவது நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டு தெருத் தொகுப்புகளில், பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்கள் 40%, 60% என்று வைத்துக்கொள்வோம். அந்த 20 புள்ளி வித்தியாசத்தை 80% திறனோடும் (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5% பிழை வாய்ப்போடும் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) பிடிக்க, குழுவுக்குச் சுமார் 95 பேர் வேண்டும். வித்தியாசம் 45%, 55% என்று 10 புள்ளியாகக் குறைந்தால் குழுவுக்குச் சுமார் 390 பேர். வித்தியாசம் பாதியானால் ஆள் எண்ணிக்கை நான்கு மடங்காகும்.

ஒரே தெருக்காரர்கள் ஒருவரைப் போலவே இன்னொருவர் இருப்பார்கள் என்பதால் இதை 1.5 ஆல் பெருக்குவது வழக்கம். அப்போது 95 என்பது 140-ஐத் தாண்டிவிடும். முக்கியமாக, இது பிரஷர் *உள்ளவர்களின்* எண்ணிக்கை. நால்வரில் ஒருவருக்குப் பிரஷர் என்று கொண்டால், குழுவுக்கு ஏறக்குறைய 570 பெரியவர்களை அளக்க வேண்டும். இந்தக் கடைசிப் பெருக்கலை மறந்துவிட்டுப் பாதி வழியில் பணம் தீர்ந்து நிற்பவர்கள் நிறையப் பேர். பணம் குறைவென்றால் ஊர்களைக் குறையுங்கள். தெருக் குழுக்களை ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள்.

## 6. கேள்விகளை எழுதுவது

"மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்றுதான் பதில் வரும். "மாத்திரை அட்டையைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். அட்டையில் எத்தனை பிரிந்திருக்கிறது, எப்போது வாங்கியது என்று பாருங்கள். அப்புறம், "போன தடவை தீர்ந்துபோனபோது என்ன செய்தீர்கள்?" இந்த ஒரு கேள்வியில் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். "ஒரு நாள் கூலி போகுமே என்று அடுத்த வாரம் பார்த்துக்கொண்டேன்", "பக்கத்து வீட்டு அக்காவிடம் நாலு வாங்கிப் போட்டேன்", "தலை சுத்தல் இல்லை, அதான் விட்டுட்டேன்". இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு.

போய் வர ஆன செலவோடு, இழந்த கூலியையும் காத்திருந்த நேரத்தையும் கேளுங்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் "போக்குவரத்துச் செலவு: இல்லை" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, திரும்ப எப்போது என்பதுதான் அங்கே கேட்க வேண்டியது. மருந்து கொடுத்து முடிக்கிற நேரத்துக்கு அப்புறம் வந்து சேரும் இலவச பஸ்ஸால் பயனில்லை.

உப்பைக் கிராமில் கேட்காதீர்கள். நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் வீட்டில் யாரும் நிறுத்துப் போடுவதில்லை. ஊறுகாய், கருவாடு, வற்றல், அப்பளம் வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டால் பதில் வரும்.

சாதி, வருமானக் கேள்விகள் கடைசியில் வரட்டும். அரசு வகைப்பாட்டின்படி அவர்களே சொல்லட்டும். தெருவை வைத்து நீங்களே ஊகித்து எழுதாதீர்கள். படிவத்தில் சாதிக் கேள்வி இருந்தால் தொந்தரவு என்று சிலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேட்காமல் விட்டால் இடைவெளி இருப்பதே தெரியாமல் போகும். அவ்வளவு தூரம் வந்ததற்கு அர்த்தம் இருக்காது.

படிவத்தை ஆய்வுக்கு எடுக்காத ஓர் ஊரில் ஓட்டிப் பார்த்துத் திருத்திய பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

## 7. அளவெடுப்பது: இங்கேதான் பொய் இடைவெளி உருவாகும்

அளவில் பிழை எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி இருந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பெரிய கெடுதல் இல்லை. தெருவுக்குத் தெரு பிழை மாறினால், இல்லாத ஏற்றத்தாழ்வு இருப்பது போலவும், இருப்பது இல்லாதது போலவும் தெரியும். இந்தப் படியில் மட்டும் அவசரமே வேண்டாம்.

நாற்காலி: முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் பதிந்து, கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். கை தொங்கினால் அளவு கூடும். பெரிய வீட்டில் நாற்காலி உண்டு. ஓட்டு வீட்டில் தரையில் உட்கார வைத்து எடுப்பீர்கள். இரண்டு அளவையும் பக்கத்தில் வைத்தால் தெரிவதில் ஒரு பங்கு நோயின் வித்தியாசம், ஒரு பங்கு நாற்காலியின் வித்தியாசம். உங்கள் மடக்கு நாற்காலியையும் மேசையையும் எல்லா வீட்டுக்கும் தூக்கிப் போங்கள்.

கைப்பட்டை: முதலில் நாடாவால் கையின் சுற்றளவை எடுங்கள். பெருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு கூடுதலாகவும், மெலிந்த கைக்குப் பெரிய பட்டை கட்டினால் குறைவாகவும் காட்டும். ஒரே பட்டையை எல்லோருக்கும் கட்டினால், வெயிலில் உழைத்து மெலிந்த கைகளில் இருக்கும் பிரஷர் மறைந்துபோகும். மறையக் கூடாதது அதுதான்.

நேரம்: வேலைத்தளத்திலிருந்து மண்வெட்டியோடு வந்தவரை அப்படியே உட்கார வைத்து எடுக்காதீர்கள். முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காபி, பீடி, புகையிலை போட்ட வெற்றிலை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். அமைதியாக உட்கார வைத்து, பேச்சுக் கொடுக்காமல் மூன்று முறை எடுங்கள். முதல் அளவை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எழுதுங்கள். கருவி பட்டையை இறுக்கும்போது கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது எல்லோரும் செய்யும் தவறு.

சராசரி 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, ஏற்கனவே மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாலோ "பிரஷர் உள்ளவர்" என்று ஆய்வுக் கணக்கில் வைக்கலாம். வீட்டாரிடம் "உங்களுக்கு பிபி வந்துவிட்டது" என்று சொல்லாதீர்கள். ஒரு நாள் அளவை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. "ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள்" என்று சொல்லி, அளவை எழுதிய சீட்டைக் கையில் கொடுங்கள்.

## 8. அன்றே அனுப்ப வேண்டியவர்கள்

180/110-ஐத் தொட்டவர்களை அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் மரத்துப்போதல், வாய் கோணல், பேச்சுக் குழறல் இருந்தால் படிவத்தை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். சுகர் 70-க்குக் கீழே இறங்கியிருந்தால் நினைவோடு இருப்பவருக்கு உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். இவர்களை யார் பார்ப்பார், யார் கூட்டிப் போவார் என்பதை முதல் நாளுக்கு முன்பே மருத்துவ அலுவலரிடம் பேசி வைத்திருக்க வேண்டும். அளவெடுத்துவிட்டு ஆளை அப்படியே விட்டு வருவது தவறு.

## 9. கணக்குப் பார்ப்பது

முதலில் வயது. பெரிய தெருக்களில் இளைஞர்கள் வெளியூர் போய்விட்டதால் வயதானவர்கள் அதிகம்; வேறு சில தெருக்களில் இளவயதுக்காரர்கள் அதிகம். இதைச் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகும். கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்களில் பாருங்கள்.

'அ' தெருவில் 200 பேர்: 50 வயதுக்குக் கீழ் 40, மேல் 160. பிரஷர் முறையே 15%, 50%. மொத்தம் 86 பேர், அதாவது 43%.

'ஆ' தெருவில் 200 பேர்: கீழ் 160, மேல் 40. பிரஷர் முறையே 25%, 60%. மொத்தம் 64 பேர், அதாவது 32%.

மேலோட்டமாகப் பார்த்தால் 'அ' தெருதான் மோசம். ஆனால் இரண்டு வயதுப் பிரிவிலும் 'ஆ' தெருவில்தான் நோய் கூடுதல். இரண்டுக்கும் பாதி இளையவர், பாதி முதியவர் என்று ஒரே வயது அமைப்பைக் கொடுத்தால் 'அ' 32.5%, 'ஆ' 42.5% என்று வரும். வயது சரிசெய்யாத எண்ணை ஊருக்கோ அதிகாரிக்கோ காட்டவே காட்டாதீர்கள். தவறான தெருவுக்குப் பணம் போய்விடும்.

அடுத்து, படிப்படியான இழப்பு. பிரஷர் உள்ள 100 பேரில் எத்தனை பேருக்கு அது தெரியும், எத்தனை பேர் மாத்திரை போடுகிறார்கள், எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது? ஒரு தெருவில் 80, 70, 45 என்றும் இன்னொன்றில் 75, 40, 25 என்றும் இருப்பதாக வையுங்கள். இரண்டாவது தெருவில் தெரிந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு. மாத்திரை கைக்கு வரும் இடத்தில்தான் அறுந்துபோகிறது. அங்கே விழிப்புணர்வு முகாம் நடத்தி நோட்டீஸ் கொடுப்பது வீண். மாத்திரை போய்ச் சேரும் வழியைத்தான் சரிசெய்ய வேண்டும். "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்ற வாக்கியத்தை அறிக்கையில் எழுதும் முன் இந்த மூன்று எண்களையும் ஒரு முறை பாருங்கள்.

விகிதத்தையும் வித்தியாசத்தையும் இரண்டையும் எழுதுங்கள். 10%, 20% என்பதும் 40%, 80% என்பதும் விகிதத்தில் இரண்டு மடங்குதான். ஆனால் முதலாவதில் நூற்றுக்குப் பத்துப் பேர், இரண்டாவதில் நாற்பது பேர்.

## 10. ஊருக்குச் சொல்லி, ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

முதலில் தெருவாரியாகச் சிறு கூட்டம். அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. உங்கள் கணக்கு முடியும் நாளை இவற்றில் ஒன்றுக்கு முன்னால் வருமாறு திட்டமிடுங்கள். பொதுக் கூட்டத்தில் தெருப் பெயரோ சாதிப் பெயரோ சொல்ல வேண்டாம். "மாத்திரை தீர்ந்தபின் இரண்டு வாரத்துக்கு மேல் இல்லாமல் இருந்தவர்கள் இத்தனை பேர்" என்று சொன்னால் போதும். யாருக்கும் தலைகுனிவு வராது, விஷயமும் புரியும்.

1-ஆம் படியில் எழுதி வைத்த பதில்களை இப்போது எடுங்கள். மாத்திரை அறுந்துபோகும் இடத்துக்குப் பொருந்துகிற ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கண்மாய்க்கு அந்தப் பக்கக் குக்கிராமம் தன்னார்வலர் பாதையில் சேரட்டும். அல்லது வேலைக்குப் போகிறவர்களுக்கு மாத்திரை சாயங்காலம் கிடைக்கட்டும். ஐந்தாறு மாற்றத்தை ஒன்றாகத் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது, செவிலியருக்கும் சுமை கூடும்.

## 11. மறுபடி அளப்பது

ஓர் ஆண்டு கழித்து, அதே மாதத்தில், அதே கருவியோடு, அதே நாற்காலியோடு போங்கள். முன்பு அளந்தவர்களில் ஊரை விட்டுப் போனவர்களையும் இறந்தவர்களையும் பட்டியலிலிருந்து அடித்துவிடாமல் தனியாகத் தெருவாரியாக எண்ணுங்கள். கட்டுப்படாத பிரஷரால் பக்கவாதம் வந்து இறந்தவர் கணக்கிலிருந்து விழுந்துவிட்டால், அந்தத் தெரு முன்னேறியது போலவே தெரியும்.

தெருக்களுக்கு நடுவே இடைவெளி குறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊரின் சராசரி கூடியிருக்கிறதா என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். பெரிய தெருவில் கட்டுக்குள் இருப்பவர்கள் 45-லிருந்து 60 ஆகி, பின்தங்கிய தெருவில் 25-லிருந்து 30 ஆகியிருந்தால், சராசரி உயர்ந்திருக்கும், இடைவெளியும் 20-லிருந்து 30 ஆக விரிந்திருக்கும். அப்படி நடந்திருந்தால் மருத்துவ அலுவலரிடமும் தன்னார்வலரிடமும் அந்த இரண்டு எண்களையும் சேர்த்தே காட்டி, அடுத்த மாற்றம் எந்தத் தெருவுக்கு என்பதை அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.